இயந்திரம் ஏன் நகர்கிறது?

துடுப்புப் பயிற்சி இயந்திரத்தின் முன்கால் நிற்கும் இடத்தில் சோக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் அதில் அமர்ந்து அரை மணி நேரம் வலிக்கட்டும். பிறகு கோட்டைப் பாருங்கள். தரை வழுவழுப்பாக இருந்தால், அந்தக் கால் கோட்டைத் தாண்டி நாலு விரற்கடையோ ஒரு சாணோ முன்னால் போயிருக்கும். யாரும் அதைத் தள்ளவில்லை. அமர்ந்திருந்தவர் கைப்பிடியைத் தன் பக்கமாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தார். இயந்திரமோ எதிர்ப்பக்கமாக நகர்ந்திருக்கிறது.

இதன் காரணம் புரிந்தால் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைக்கும். இயந்திரத்தை எப்படி அசையாமல் நிறுத்துவது என்பது ஒன்று. அதில் எப்படிச் சரியாக வலிப்பது என்பது மற்றது. முதலாவது மேசன் வேலை, இரண்டாவது பயிற்சியாளர் வேலை என்று பிரித்துப் பார்ப்பதே வழக்கம். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

அதைத் தேடுமுன், இந்த இயந்திரம் இங்கே எதற்கு என்று பார்ப்போம். படகோட்டம் இலங்கையின் மலையகத்தில் வேர்விட்ட விளையாட்டு அல்ல. கொழும்பில் பேரே வாவிக் கரையில் 1864இல் ஒரு படகோட்டக் கழகம் தோன்றியது. சென்னையில் அடையாற்றங்கரைக் கழகம் 1867இல் தோன்றியது. இரண்டு ஊர்க் கழகங்களும் 1898இலிருந்து தமக்குள் போட்டி நடத்திவருகின்றன. நுவரெலியாவில் 1873இல் அமைந்த கிரகறி வாவி இருக்கிறது; அங்கே ஓடுபவை பெரும்பாலும் உல்லாசப் படகுகள். நுவரெலியாவை அடுத்த ராகலைப் பக்கத்து ஓடைகள் பாறையில் விழுந்து ஓடுபவை. அவற்றில் படகு விட முடியாது. மழையும் மூடுபனியும் உள்ள மாதங்களில் வெளியே ஓடிப் பயிற்சி செய்வதும் கடினம். இப்படிப்பட்ட ஊருக்கு, கூரைக்குக் கீழே துடுப்பு வலிக்கும் இயந்திரம் பொருத்தமான ஒன்று.

அதன் அமைப்பு எளிது. ஒரு நீண்ட தண்டவாளம் இருக்கும். அதன்மேல் சில்லுகளில் இருக்கை ஓடும். முன்பக்கத்தில் பாதங்களை ஊன்றிப் பட்டியால் கட்டும் பலகை உண்டு. அதைப் பாதப்பலகை என்று அழைப்போம். அதற்கு அப்பால், ஒரு கூண்டுக்குள் விசிறிச் சக்கரம் இருக்கும். கைப்பிடியிலிருந்து ஒரு சங்கிலி அந்தச் சக்கரத்துக்குப் போகிறது. கைப்பிடியை இழுத்தால் சக்கரம் சுழன்று காற்றைத் தள்ளுகிறது. நீரின் எதிர்ப்புக்குப் பதிலாக நாம் உணர்வது அந்தக் காற்றின் எதிர்ப்பைத்தான். காந்தத்தாலும் நீர்த் தொட்டியாலும் எதிர்ப்புத் தரும் வகைகளும் உண்டு. அதிகம் புழங்குவது விசிறி வகை.

இந்த வகையைப் பரவலாக்கியவர்கள் அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்தைச் சேர்ந்த டிக், பீற் ட்றைசிகேக்கர் என்ற சகோதரர்கள். துடுப்புச் செய்வதற்காக 1976இல் கொன்செப்ட் டூ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பனிக்காலத்தில் ஆறு உறைந்துவிடும். அப்போது பயிற்சி செய்ய ஒரு வழி தேடினார்கள். பழைய சைக்கிளொன்றைக் களஞ்சியத்தின் தரையில் ஆணியடித்துப் பொருத்தி, அதன் சங்கிலியை இழுத்துப் பார்த்தார்கள். அந்த யோசனையிலிருந்து 1981இல் முதல் இயந்திரம் சந்தைக்கு வந்தது. அதிலும் சைக்கிள் சக்கரமே இருந்தது. இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஆணியை. தரையோடு பிணைக்காமல் அந்தச் சைக்கிளை இழுத்துப் பழகியிருக்க முடியாது.

இப்போது சோக்கட்டிக் கோட்டுக்கு வருவோம். வலிக்கும்போது இயந்திரத்தின்மேல் இரண்டு விசைகள் செயல்படுகின்றன. கால்கள் பாதப்பலகையை முன்னே தள்ளுகின்றன. சங்கிலி விசிறிச் சக்கரத்தைப் பின்னே இழுக்கிறது. இரண்டும் சமமாக இருக்கும் கணத்தில் இயந்திரம் எந்தப் பக்கமும் போக விரும்பாது. சமம் குலையும் கணத்தில், மிஞ்சிய விசையைத் தரை தாங்க வேண்டும். சமம் எப்போது குலைகிறது? வலிப்பவரின் உடல் வேகம் மாறும்போது.

ராகலையிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்களுக்கு இது புதிதல்ல. சாரதி வளைவுக்கு முன்பே மெதுவாக பிரேக் போட்டால், முன்சீற்றின் கம்பியில் கை வைத்திருந்தாலே போதும். திடீரென்று போட்டால், அந்தக் கம்பியை முழு பலத்தோடு தள்ளி நம்மை நிறுத்திக்கொள்கிறோம். நம் எடையோ பஸ்ஸின் வேகமோ கூடவில்லை. நிற்பதற்குக் கிடைத்த நேரம்தான் குறைந்தது.

துடுப்பு இயந்திரத்தில் பாதப்பலகைதான் அந்தக் கம்பி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் செக்கனுக்கு 0.8 மீற்றர் வேகத்தில் முன்னோக்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 0.4 செக்கனில் அந்த வேகத்தை அடக்கினால், பாதப்பலகையில் விழும் விசை ஏறத்தாழ 13 கிலோ எடைக்குச் சமம். அதே வேகத்தை 0.2 செக்கனில் அடக்கினால் அது 26 கிலோவைத் தாண்டும். நிமிடத்துக்கு 20 முதல் 30 தடவை இது நடக்கிறது. உலர்ந்த கரடான சீமெந்துத் தரையில் இறப்பர் கால்கள் இந்த விசையைத் தாங்கிவிடும். மெழுகு போட்டு மினுக்கிய தரையில், அதுவும் ஈரம் படிந்திருக்கும்போது, தாங்காது.

பின்பக்கம் போய்த் திரும்பும்போதும் உடலின் வேகம் மாறுகிறது. அப்போது இயந்திரம் பின்னோக்கி இழுபடும். ஆனால் பெரும்பாலோருக்கு முன்பக்கத் திருப்பம் சட்டென்றும், பின்பக்கத் திருப்பம் சற்று நிதானமாகவும் நடக்கிறது. அதனால் மிச்சக் கணக்கில் இயந்திரம் முன்பக்கமாகவே ஊர்ந்து போகிறது.

காரணம் தெரிந்தபின், நிறுத்தும் வழி இலகுவாகிறது. முதலில் இடம். நாம் எடுத்துக்கொண்ட விசிறி வகை இயந்திரம் எட்டடி நீளம், இரண்டடி அகலம். தேயிலைத் தோட்டங்களின் பழைய லயக் காம்பராக்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அடுப்பும் கட்டிலும் உள்ள காம்பராவில் இதை விரித்துவைக்க முடியாது. பாடசாலை மண்டபமோ சனசமூக நிலையமோ பொருத்தமானது. இயந்திரத்துக்குப் பின்னால் இரண்டடியாவது வெறுமையாக இருக்க வேண்டும்.

அடுத்தது மட்டம். இயந்திரத்தின் ஒரு மூலையைக் கையால் அழுத்துங்கள். எதிர் மூலை எழும்பினால் ஏதோ ஒரு கால் தரையில் பதியவில்லை. மேசன்மார் பயன்படுத்தும் ரசமட்டத்தைக் குறுக்கே வைத்துச் சரிபாருங்கள். குறைந்த காலின் கீழ் இறப்பர்த் துண்டு ஒன்றை வைத்துச் சமப்படுத்தலாம். மரத் துண்டோ மடித்த காகித அட்டையோ வேண்டாம். அவை வழுக்கும், நசுங்கும்.

மூன்றாவது பிடி. தரையைத் துடைத்து உலரவிடுங்கள். மலைநாட்டில் இதைத் தினமும் செய்ய வேண்டும். காலையில் காய்ந்திருந்த தரை, மாலையில் மூடுபனி உள்ளே வந்தவுடன் ஈரமாகிவிடும். இயந்திரத்தின் கால்களின் கீழ் தடித்த இறப்பர் விரிப்பை இடுங்கள். தேயிலை ஸ்டோரில் கழித்துவிட்ட பழைய கன்வேயர் பெல்ட் துண்டு கிடைத்தால் அதுவும் உதவும். சாக்கும் பாயும் உதவாது. இயந்திரம் அவற்றையும் கூட்டிக்கொண்டு நகரும்.

நான்காவது, பூட்டாணிகள். தண்டவாளம், பாதப்பலகை, கால்கள் ஆகியவை பொருந்தும் இடங்களில் உள்ள பூட்டாணிகளை மாதம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஆட்டம் தரையிலிருந்துதான் வருகிறது என்று நாம் நினைத்திருப்போம். தளர்ந்த ஒரு பூட்டாணியிலிருந்து வந்துகொண்டிருக்கும்.

இவ்வளவும் செய்தபின்னும் நகர்ந்தால், முன்கால்களுக்கும் சுவருக்கும் இடையே ஒரு பலகையை வைத்து முட்டுக் கொடுக்கலாம். விசிறிக் கூண்டைச் சுவரோடு ஒட்டிவிடக் கூடாது. காற்று உள்ளே போய் வர இடம் வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழும். ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலரைக் கொங்கிறீற்றில் போல்ட் போட்டு இறுக்குகிறார்களே, இதையும் அப்படிச் செய்துவிட்டால் என்ன? செய்தால் நகராதுதான். ஆனால் ரோலரை ஓட்டுவது மோட்டார். இதை ஓட்டுவது மனித உடல். தரை தாங்கும் விசை எதுவோ, அதே அளவு விசை வலிப்பவரின் முழங்காலிலும் இடுப்பிலும் முதுகிலும் திரும்பி விழுகிறது. இயந்திரத்தைக் கட்டிப்போட்டால் அந்த விசை நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். உடலிலிருந்து அது நீங்கிவிடாது. அதை நீக்க வேண்டுமானால் வலிக்கும் முறையைத் திருத்த வேண்டும்.

ஒரு வலிப்பில் நான்கு கட்டங்கள் உண்டு. இருக்கை முன்னால் வந்து, முழங்கால் மடிந்து, கைகள் நீண்டிருக்கும் கணம் பற்றல். துடுப்பு நீரைப் பற்றும் கணம் என்பதால் இந்தப் பெயர். கால்கள் நிமிர்ந்து உடல் பின்னே போவது உந்தல். கைப்பிடி நெஞ்சின் அடிப்பகுதியைத் தொடுவது முடித்தல். மறுபடியும் முன்னால் வருவது மீளல்.

நாம் இதைத் துடுப்பு வலித்தல் என்கிறோம். தமிழில் வலித்தல் என்றால் இழுத்தல். அதனால் புதியவர்கள் எல்லோரும் கையால் இழுக்கத் தொடங்குகிறார்கள். முதுகு நோகத் தொடங்குவதும் அங்கேதான். உண்மையில் இந்த வேலையின் பெரும் பங்கைச் செய்வது கால்கள். உர மூட்டையை நிலத்திலிருந்து தூக்கும் அனுபவசாலியைக் கவனியுங்கள். அவர் முழங்காலை மடிக்கிறார். மூட்டையை உடலோடு அணைக்கிறார். முதுகை வளைக்காமல் காலால் எழும்புகிறார். கைகள் மூட்டையைப் பிடித்திருக்கின்றன, அவ்வளவுதான். உந்தலும் அப்படியே.

எனவே உந்தலில் வரிசை கால், உடல், கை. முதலில் கால்கள் பாதப்பலகையைத் தள்ளுகின்றன. அப்போது கைகள் கயிறு போல நீண்டே இருக்கும். கால்கள் நிமிரும் தறுவாயில் உடல் இடுப்பிலிருந்து பின்னே சாய்கிறது. கடைசியாகக் கைகள் மடிந்து கைப்பிடியை நெஞ்சுக்குக் கொண்டுவருகின்றன. மீளலில் இதே வரிசை தலைகீழாகும். முதலில் கை நீள்கிறது. பிறகு உடல் முன்னே சாய்கிறது. கைப்பிடி முழங்காலைத் தாண்டிய பிறகே கால்கள் மடிகின்றன.

எவ்வளவு சாய வேண்டும் என்பதற்கு மணிக்கூட்டு முகத்தை நினைத்துக்கொள்ளலாம். நேரே நிமிர்ந்தால் 12 மணி. முன்சாய்வு ஒரு மணி முள் அளவு, பின்சாய்வு 11 மணி முள் அளவு. அதற்குமேல் தேவையில்லை. பற்றலில் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை உள்ள எலும்பு தரைக்குச் செங்குத்தாக நின்றால் போதும். இன்னும் முன்னே எட்டினால் நீளம் கூடும், பலம் குறையும்.

இனி நேரம். நிமிடத்துக்கு 20 வலிப்பு என்றால், ஒரு வலிப்புக்கு 3 செக்கன். அதில் உந்தலுக்கு ஒரு செக்கன், மீளலுக்கு இரண்டு செக்கன். மனதுக்குள் ‘ஒன்று’ என்று சொல்லி உந்துங்கள். ‘இரண்டு, மூன்று’ என்று சொல்லி மீளுங்கள். நம் சோக்கட்டிக் கோட்டின் விடை இந்த இரண்டு செக்கனில் இருக்கிறது. மீளலில் அவசரப்படுபவர் பாதப்பலகையில் போய் மோதித் திரும்புகிறார். நிதானமாக வருபவர், வரும் வழியிலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மெல்லத் திரும்புகிறார். மேலே போட்ட கணக்கில் 26 கிலோ 13 ஆவது இப்படித்தான்.

ஆகவே இயந்திரத்தின் அசைவை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். அது முன்னே துள்ளினால், மீளலின் கடைசிப் பகுதியில் அவசரம் இருக்கிறது. பின்னே இழுபட்டால், முடித்தலில் அதிகம் சாய்ந்துவிட்டு, பட்டியைப் பாதத்தால் இழுத்து எழுகிறார் என்று பொருள். பக்கவாட்டில் ஆடினால், முதலில் மட்டத்தைப் பாருங்கள். வேறொருவர் வலிக்கும்போது ஆடவில்லை என்றால் தரை சரியாகத்தான் இருக்கிறது. முதலாமவர் ஒரு காலால் மட்டும் கூடுதலாகத் தள்ளுகிறார். சங்கிலி மேலும் கீழும் அலைந்தால், கை நீளுமுன் முழங்கால் மடிந்துவிட்டது, கைப்பிடி அதைத் தாண்டி ஏறி இறங்குகிறது.

தரையில் தெரியாத பிழையும் உண்டு. கால் நிமிர்ந்து இருக்கை பின்னே ஓடிவிடும், ஆனால் கைப்பிடி அதே இடத்தில் நிற்கும். இருக்கை முந்துகிறது என்று இதைச் சொல்லலாம். கால் செய்த வேலை சங்கிலிக்குப் போகாமல் வீணாகிறது. மிச்சத்தை முதுகு இழுத்து முடிக்க வேண்டியதாகிறது. இதைக் காதால் கண்டுபிடிக்கலாம். சரியான உந்தலில் விசிறியின் ஓசை பாதம் தள்ளும் கணத்திலேயே எழும்பும். இருக்கை முந்தினால் அது பிந்தி எழும்பும்.

இதற்கெல்லாம் பயனுள்ள ஒரு பயிற்சி, பாதப் பட்டியைக் கட்டாமல் வலிப்பது. மெதுவான கதியில் ஐந்து நிமிடம் போதும். பட்டி இல்லாதபோது பின்னால் அதிகம் சாய்ந்தால் பாதம் பலகையிலிருந்து எழும்பிவிடும். எழும்பாமல் முடிக்கப் பழகியவருக்கு அளவான சாய்வு தானாகவே வந்துவிடும்.

மலைநாட்டவர் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று காற்று. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்போடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறி தள்ளுவது காற்றை என்பதால், அதே இயந்திரம் இங்கே சற்று இலகுவாகச் சுழலும். விசிறிக் கூண்டின் பக்கத்தில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட நெம்பு ஒன்று உண்டு. அது உள்ளே போகும் காற்றின் அளவைக் கூட்டும், குறைக்கும். ஸ்டோரில் கொழுந்து வாட்டும் தட்டுகளுக்குக் காற்றை அளவிட்டு விடுவதைப் பார்த்தவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள்.

நெம்பை 10இல் வைப்பதுதான் வீரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாரமான படகை இழுப்பது போன்றது. வேகமான படகு வேண்டுமென்றால் அங்கே வைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மீளலின்போதும் சக்கரம் எவ்வளவு விரைவாக வேகம் இழக்கிறது என்பதை இயந்திரத்தின் கணிப்பொறி அளக்கிறது. அந்த அளவை இழுவை எண் என்போம். பயிற்சியாளர் பலரும் 110 முதல் 130 வரை உள்ள எண்ணை விரும்புகிறார்கள். அந்த எண்ணைப் பெற ராகலையில் கொழும்பைவிட நெம்பைக் கொஞ்சம் கூட்டிவைக்க வேண்டியிருக்கும். ஆனால் கணிப்பொறியின் திரையில் தெரியும் வேகம் இழுவை எண்ணையும் கணக்கில் எடுத்தே வருகிறது. அதனால் மெல்லிய காற்று யாருக்கும் இலவச வேகம் தராது. மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் குறைவு என்பதால், தாழ்நிலத்திலிருந்து வருபவர் முதல் சில நாட்கள் கதியைக் குறைத்துக்கொள்வது நல்லது.

திரையில் தெரியும் மற்றோர் எண், 500 மீற்றருக்கான நேரம். 2 நிமிடம் 10 செக்கனில் 500 மீற்றரைக் கடக்க, ஏறத்தாழ 159 வாற்று வலு வேண்டும். அதை 2 நிமிடமாகக் குறைக்க 203 வாற்று வேண்டும். நேரம் பதின்மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதற்கு வலு நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூட வேண்டியிருக்கிறது. வேகம் கூடக்கூட அதன் விலை இப்படித்தான் ஏறும். எனவே தரையில் மோதித் தொலையும் சிறு வலுவைக்கூடச் சேமிப்பது பொருளுள்ள காரியம்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். தண்டவாளத்தைப் பயிற்சிக்குப் பின் ஈரத் துணியால் துடைத்து உலரவிட வேண்டும். சங்கிலிக்கு 50 மணி நேரப் பயன்பாட்டுக்கு ஒருமுறை எண்ணெய் இட வேண்டும். நம் ஈரக் காற்றில் இதைத் தவறவிட்டால் சங்கிலியில் துரு ஏறும்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. படகில் நிலைமை வேறு. ஒருவர் ஓட்டும் போட்டிப் படகுக்கு விதிக்கப்பட்ட குறைந்த எடை 14 கிலோ. பாரமான உடல் ஏறக்குறைய இருந்த இடத்தில் இருக்க, இலேசான படகுதான் அதன் கீழே முன்னும் பின்னும் ஓடுகிறது. தரையில் நிறுத்திய இயந்திரத்தில் உடல் முழுவதையும் நாமே அசைத்து நாமே நிறுத்துகிறோம். அதனாலேயே சிலர் இயந்திரத்தின் கால்களுக்குக் கீழே சில்லுத் தட்டுகளை வைத்து, அதை வேண்டுமென்றே நகரவிடுகிறார்கள். நகரவே கூடாது என்பது இயற்கை விதி அல்ல என்பதை இது காட்டுகிறது. கட்டுப்பாடில்லாமல் நகர்வதுதான் தவறு.

எனவே எந்த வரிசையில் தொடங்குவது? தரையில் தொடங்குவதே பாதுகாப்பானது என்று எனக்குப் படுகிறது. ஆடும் இயந்திரத்தில் யாரும் அச்சமின்றிப் பழக முடியாது. ஆனால் இறப்பர் விரிப்பை இட்டவுடன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நாள் முழுவதும் கொழுந்துக் கூடையின் பாரத்தைத் தாங்கும் முதுகுகள் உள்ள ஊர் இது. மாலையில் பயிற்சிக்கு வருபவரின் முதுகு ஏற்கெனவே ஒரு நாள் வேலை பார்த்திருக்கும். அதற்கு இன்னொரு சுமையை ஏற்றுவதா, அதைப் பலப்படுத்துவதா என்பது மீளலின் இரண்டு செக்கனில் தங்கியிருக்கிறது. முதுகு நோவு ஏற்கெனவே உள்ளவர் வைத்தியரைக் கேட்டபின் அமர வேண்டும்.

மாதம் ஒருமுறை விரிப்பை எடுத்துவிட்டு, உலர்ந்த தரையில், மெதுவான கதியில், பத்து நிமிடம் வலித்துப் பாருங்கள். சோக்கட்டியும் பக்கத்திலிருந்து கவனிக்க ஓர் ஆளும் போதும். கால் கோட்டிலேயே நின்றால், அன்றைக்கு அதை நிறுத்தி வைத்தது இறப்பர் அல்ல, வலித்தவரின் நிதானம்.